அசல் கறுப்பு

பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் பல்செட்காரர் அந்த முடிவுக்கு வந்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு, தோளில் துண்டோடு ஹாலுக்கு வந்து நின்று, மேடையில் பேசப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமி, "பெரிய டிவி வாங்கப் போறேன். இதுல மறுபேச்சே கிடையாது" என்றார்.

மறுபேச்சு வரவில்லைதான். ஹாலில் யாருமே இல்லை. மனைவி அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் மூடிவைத்த தட்டு ஒன்று இருந்தது. அவர் தட்டைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். அந்த வீட்டில் அவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பது அது ஒன்றுதான்.

ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத சின்ன அறையில் உட்கார்ந்து பல்செட் செய்வது அவருடைய தொழில். டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார். இவர் பல்லைச் செய்து திருப்பி அனுப்புவார். வாய் தெரியும், முகம் தெரியாது. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர்கூட அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவருக்குத் தெரியும். டீ குடிப்பவரின் வெள்ளை, புகை பிடிப்பவரின் வெள்ளை, கல்யாண போட்டோவுக்காக அவசரமாகக் கேட்கிற வெள்ளை எல்லாம் தனித்தனி. அந்த அறையில் பேச்சுத் துணைக்கு வரிசையாகப் பிளாஸ்டர் வாய்கள் இருந்தன. எல்லாம் திறந்தே இருக்கும். ஒன்றும் பேசாது.

அவர் மனைவி கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை இருட்டு அறையில் ஆட்களை உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வந்தால் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டாள். சமைப்பாள், சாப்பிடுவாள், ஏதாவது நறுக்கவோ மடிக்கவோ இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போனோடு படுக்கையறைக்குள் போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஏதோ சீரியல் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அவர் ஹாலில் பழைய டிவியின் முன்னால் இருப்பார். செய்தி ஓடும். சோபாவின் இடதுபக்கம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிவிட்டது. வலதுபக்கம் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறவரை வீடு இப்படி இல்லை. அவள் இருக்கும்போது ரிமோட்டுக்குச் சண்டை நடக்கும். சண்டை போடுவதற்காவது மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள். இப்போது அவள் போன் பண்ணினால் அவர் எடுப்பார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"வேலை எப்படி?"

"நல்லா இருக்குப்பா."

"இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்."

அவ்வளவுதான். குடுத்துவிட்டு, அப்புறம் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வரும்.

கல்யாணமான புதிதில் ஒரு குட்டி டிவி இருந்தது. திரை அவ்வளவு சின்னது என்பதால் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு முன்னால் குனிந்து பார்ப்பார்கள். அதை நினைத்துத்தான் இந்த முடிவு. குட்டித் திரைக்கே அவ்வளவு ஒட்டி உட்கார்ந்தவள், சுவர் அகலத்துக்குத் திரை வந்தால் எங்கே போவாள் என்று அவர் கணக்குப் போட்டார். சின்னத் திரையால்தான் ஒட்டி உட்கார நேர்ந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை. தனியாக யோசிப்பதில் இருக்கிற வசதி, தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அவர் டிவிக் கடைக்குப் போக ஆரம்பித்தார். கடையின் மேல்மாடி முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி சிறகை விரித்தது. விற்பனையாளர் ஒரு வழுக்கைத்தலைக்காரர். கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு மெதுவாகப் பேசுவார். அவருக்கும் அந்தக் கிளிகளை விட்டால் துணை இல்லை.

"எல்இடின்னா சார், திரைக்குப் பின்னாடி எப்பவும் விளக்கு எரியும். கறுப்பு காட்டணும்னா அந்த வெளிச்சத்த மறைக்கும். எவ்வளவு மறைச்சாலும் கொஞ்சம் கசியும்."

"அப்ப கறுப்பு?"

"சாம்பல்தான் சார். க்யூஎல்இடியும் அதே குடும்பம். கலர் தூக்கலா இருக்கும், வெளிச்சம் ஜாஸ்தி. பகல்ல ஜன்னலத் திறந்து வச்சிட்டு பாக்கலாம். ஓஎல்இடிதான் வேற ஜாதி. பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைஞ்சா கறுப்பு. அசல் கறுப்பு."

வெள்ளையோடு ஆயுசு முழுக்க மாரடித்தவருக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. மறுநாள் போனார். அதற்கு மறுநாளும் போனார். விற்பனையாளர் உட்கார ஒரு ஸ்டூல் போட்டார், பிறகு டீ சொன்னார். திரையில் பதிகிற தழும்பைப் பற்றியும் சொன்னார். ஒரே படத்தை மணிக்கணக்காக ஓடவிட்டால் அது திரையிலேயே தங்கிவிடும் சாத்தியம் உண்டு. தன் சோபாப் பள்ளத்தை நினைத்துக்கொண்டு பல்செட்காரர் தலையாட்டினார். இப்படி ஒருவர் எதிரே நின்று தன் முகத்தைப் பார்த்து விளக்கம் சொல்லி எத்தனை காலமாயிற்று என்று யோசித்தபோதுதான், டிவி வாங்கிவிட்டால் இங்கே வர முடியாதே என்ற கவலையும் சேர்ந்து வந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவர் பேச்சை எடுத்தார்.

"டிவில எல்இடி இருக்கு, க்யூஎல்இடி இருக்கு, ஓஎல்இடி இருக்கு."

"முன்னாடி ஒரு எழுத்து சேத்தா வேற டிவியா?"

"அந்த எழுத்துதான் விஷயமே. இப்ப க்யூன்னு வச்சுக்கோ."

"க்யூ வேணாங்க. ஆஸ்பத்திரில பாக்குற க்யூவே போதும்."

"சரி, ஓன்னு வச்சுக்கோ. அதுல ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும்."

"தானா அணையுமா?"

"தானா அணையும்."

"அப்ப வாங்கலாம். இந்த வீட்ல தானா அணையிற பொருள் ஒண்ணாவது இருக்கட்டும். நீங்க பாத்ரூம் லைட்ட அணைச்சு நான் பாத்ததே இல்ல."

"விளையாடாத. அதுல கறுப்பு அவ்வளவு கறுப்பா இருக்கும். ஆனா ஹால்ல லைட் எரியக் கூடாது. திரைச்சீலை போடணும். இருட்டுல உக்காந்து, பேச்சுக் குடுக்காம, படத்த மட்டும் பாக்கணும். அப்பதான் அதோட அருமை தெரியும்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நாள் பூரா இருட்டு ரூம்ல உக்காந்துட்டு வரேன். வீட்டுக்கு வந்தும் இருட்டா? அந்தக் கறுப்பப் பாத்து என்ன பண்ணப் போறோம்?"

அவருக்கு உண்மையான பதில் ஒன்று இருந்தது. 'நீ பக்கத்தில் உட்காரணும், அதுக்காகத்தான்.' அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. "தரம்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார்.

"ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்போம்" என்றாள் அவள். ஒயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாளே அவர் கடைக்கு ஓடி விற்பனையாளரிடம் ரகசியமாக ஏற்பாடு செய்தார். மனைவியோடு வரும்போது தன்னை முன்னே பின்னே தெரியாத மாதிரி இருக்க வேண்டும். ஓஎல்இடியைப் பற்றி விற்பனையாளரே ஆரம்பிக்க வேண்டும். தான் கொஞ்சம் எதிர்த்துப் பேசினாலும் கேட்காமல் வற்புறுத்த வேண்டும். விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாடிப்படி ஏறி வந்ததும் விற்பனையாளர் பழக்க தோஷத்தில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். "வாங்க சார். டீ வழக்கம்போல சர்க்கரை கம்மியாதானே?" என்றார்.

பல்செட்காரர் கிளியைப் பார்த்தார். எல்லாக் கிளிகளும் அவரைப் பார்த்தன.

மனைவி ஸ்டூலைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். பிறகு, "உக்காருங்க" என்று அந்த ஸ்டூலிலேயே அவரை உட்கார வைத்தாள். அவள் குரல் மாறியிருந்தது. ஆஸ்பத்திரிக் குரல். ஓஎல்இடி ஒரு பக்கம், க்யூஎல்இடி ஒரு பக்கம், நடுவில் அவர்.

"இதப் பாருங்க. தெளிவா இருக்கா?"

"இருக்கு."

"இப்ப அது. அது தெளிவா இருக்கா?"

"அது கொஞ்சம்... இதுலதான் கறுப்பு நல்லா இருக்கு."

"கண்ண மூடுங்க. இப்பத் திறங்க. இப்ப இதுவா, அதுவா?"

"இது."

"நீங்க இப்பக் காட்டினது க்யூ."

"அப்ப அது."

"மறுபடி மூடுங்க."

இப்படியே நாலைந்து சுற்று போயிற்று. அவளிடம் மாட்டிய எல்லா நோயாளிகளையும் போல அவருக்கும் கடைசியில் கண்ணில் நீர் கட்டி, நம்பிக்கை போய், "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று தோற்றுப்போன குரலில் ஒப்புக்கொண்டார்.

விற்பனையாளர் காப்பாற்ற வந்தார். "கடை வெளிச்சத்துல அப்படித்தான் மேடம் இருக்கும். இருட்டுலதான் வித்தியாசம் தெரியும்."

"அப்போ வீட்ல கண்டிப்பா இருட்டா இருக்கணும்?"

"இருந்தா ரொம்ப நல்லது மேடம்."

"பக்கத்துல வேற வெளிச்சம் எதுவும் இருக்கக் கூடாது?"

"கூடவே கூடாது."

"நடுவுல உக்காந்து பாத்தாத்தான் நல்லா இருக்குமா?"

"நடுவுலன்னா அமோகமா இருக்கும்."

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கணவனைப் பார்த்து, "உங்களுக்குப் பிடிச்சதையே வாங்குவோம்" என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவர் எதிலும் ஜெயித்ததில்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்துப் பழக்கம் இல்லாதவருக்கு அது எங்கே தெரியப்போகிறது. பழைய டிவியைக் கொடுத்துவிட்டால் விலையில் கொஞ்சம் குறையும் என்று விற்பனையாளர் சொன்னபோது அவள், "வேணாம், அது இருக்கட்டும்" என்றாள். அதையும் அவர் கவனிக்கவில்லை. வழியெல்லாம் அசல் கறுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டிவி வந்தது. இரண்டு ஆட்கள் சுமந்து வந்து சுவரில் மாட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டு ஜன்னலே இவ்வளவு பெரிசு இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவு பெரிய திரையை இவ்வளவு கிட்டே உட்கார்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று ஆட்கள் சொன்னதால் சோபாவை எதிர்ச்சுவர்வரைக்கும் தள்ளவேண்டியதாயிற்று. மனைவி எங்கிருந்தோ கெட்டியான கறுப்புத் திரைச்சீலை வாங்கி வந்து மாட்டினாள். பரிசோதனை அறையில் போடுகிற அதே வகை. பொத்தல் இல்லை, ஓரத்தில் கீற்று இல்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. தனக்காக இவ்வளவு செய்கிறாளே என்று கண் கலங்கியது.

அப்புறம் அவள் பழைய டிவியைக் காட்டினாள்.

"இத எங்கங்க வைக்கிறது?"

"இங்கயே ஒரு ஓரமா இருக்கட்டுமே."

"இதோட சிவப்பு லைட்டு எரியுமே. உங்க கறுப்பு கெட்டுடாது?"

அவர் யோசித்தார். கெட்டுவிடும். "சமையல்கட்டுல?"

"எண்ணெய்ப் புகை. வீணாப் போயிடும்."

"அப்ப..."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் போட்ட சட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் அமலில் இருந்தது. படுக்கையறைக்குள் டிவி வரக்கூடாது. அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறாள், அவர் அசைந்ததில்லை. இப்போது அவரே வாயைத் திறந்து, "பெட்ரூம்ல வேணா வச்சுக்கலாம்" என்றார்.

"நீங்க சொன்னா சரி" என்றாள் அவள்.

ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையில் துணி அலமாரி மேல் வைத்தார்கள். சுவரில் மாட்டட்டுமா என்று கேட்டதற்கு அவள் வேண்டாம் என்று சொல்வது ஹாலில் கேட்டது. அடக்கமான பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பல்செட்காரர் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சோபாவின் வலதுபக்கத்தைக் கையால் தட்டிவிட்டு, தன் பள்ளத்தில் உட்கார்ந்தார். அவள் சமையலறையிலிருந்து வந்தாள். கையில் கீரைக்கட்டு, கத்தி, பாத்திரம்.

"வா, ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

"கீரை ஆயணுமே. இருட்டுல எப்படி ஆயறது? விரலையும் சேத்து நறுக்கிடுவேன்."

"கொஞ்ச நேரம் லைட் போட்டுக்கோயேன்."

"வேணாங்க. உங்க டிவிக்கு அது ஆகாது. பேசவும் கூடாதுன்னு சொன்னீங்க. நடுவுல வேற உக்காரணும். எனக்காக எதுக்கு நீங்க ஓரத்துக்குப் போகணும்? நீங்க நிம்மதியாப் பாருங்க." அவள் ஹால் விளக்கை அணைத்தாள். போகிற போக்கில் பாத்ரூம் விளக்கையும் அணைத்தாள். படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

அவள் சொன்னது அத்தனையும் அவர் சொன்னதுதான். எந்த வார்த்தையைப் பிடித்து மறுப்பது என்று தெரியவில்லை.

டிவியைப் போட்டார். விண்வெளி பற்றி ஏதோ படம். விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. திரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் மினுங்கியது. அதைச் சுற்றி எத்தனையோ லட்சம் கோடி மைலுக்கு எதுவும் கிடையாது என்று பின்னணிக் குரல் சொன்னது. சொல்லாமலே அது தெரிந்தது. பழைய டிவியில் இருட்டுக் காட்சி வந்தால் கசிகிற சாம்பல் வெளிச்சத்தில் சோபா தெரியும், மேஜை தெரியும், அவருடைய கால் தெரியும். இதில் எதுவுமே தெரியவில்லை. கையை நீட்டிப் பக்கத்து இடத்தைத் தடவினார். துணி மொடமொடப்பாக, புதுசாக இருந்தது. இவ்வளவு தெளிவாக ஆளில்லாத அறையை அவர் பார்த்ததே இல்லை.

கிளினிக்கின் பின்னறையில் பிளாஸ்டர் வாய்களாவது இருக்கும்.

விற்பனையாளருக்குப் போன் பண்ணி நட்சத்திரத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தார். அவர் நம்பரை வாங்கி வைக்கவில்லை. படத்தில் இன்னொரு நட்சத்திரம் வந்தது. அதுவும் தனியாகத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வழக்கமான சிரிப்பு. ஆனால் இன்று காதில் ஒயர் இல்லாததாலோ என்னவோ, சிரிப்பு இரண்டாகக் கேட்டது.

அவர் எழுந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. தடவித் தடவிப் போய்க் கதவை மெல்லத் தள்ளினார்.

அறை வெளிச்சமாக இருந்தது. மனைவி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அலமாரி மேல் பழைய டிவியில் சிரிப்பு நாடகம் ஒன்று ஓடியது. தலையணையில் சாய்த்து வைத்த போனில் மகளின் முகம். அவளும் ஒரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்கோ ஓர் ஊரில், தன் டிவியில் அதே நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒன்றாகச் சிரித்தார்கள்.

"தினமும் இப்படியா?" என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"தினமும்தான்" என்றாள் மனைவி. "இவ்வளவு நாள் போன்லயே நாடகம், போன்லயே இவ. நாடகம் தெரிஞ்சா இவ முகம் தெரியாது. அதுக்குத்தான் இங்க ஒரு டிவி வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. தினம் சிரிச்சுக்கிட்டுதானே இருந்தேன்."

கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளே போகவும் கூச்சமாக இருந்தது, இருட்டுக்குத் திரும்பிப் போகவும் மனசு வரவில்லை.

"அப்பா, நிக்காதீங்க. உக்காருங்க" என்றது போன்.

மனைவி கீரைப் பாத்திரத்தை நகர்த்தி இடம் விட்டாள். கட்டில் சின்னது, அவர் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது. போனுக்குள் தன் முகம் பாதி தெரிவதைப் பார்த்தார். தலையைச் சாய்த்து முழுசாக உள்ளே வந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்பா. புது டிவி எப்படி இருக்கு?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அத ஏன் கேக்குற. அதுல பாரு, ஒவ்வொரு புள்ளியும்..."

"ஷ்ஷ்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். நாடகத்தில் ஏதோ முக்கியமான கட்டம்.

அவர் வாயை மூடிக்கொண்டார். கீரையில் ஒரு கொத்தை எடுத்து ஆய ஆரம்பித்தார். விளம்பரம் வந்ததும் மகள் சிரித்தாள். "ஒரு வாரமாவது தாக்குப்பிடிப்பார்னு நெனச்சேம்மா."

மனைவி காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "மொத விளம்பரத்துக்குள்ள வந்துடுவார்னு எனக்குத் தெரியும்டி. அதான் பெரிசக் கழட்டி இந்த ரூம்ல மாட்டுறதுக்கு, நாளைக்குக் காலைலயே ஆள வரச் சொல்லிட்டேன்."